காப்பியா டீயா? பதினான்கு பதில்கள்

தர்க்கவியலாளர்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பழைய ஜோக் உண்டு. புரோகிராமர்கள் நாலு பேர் கூடினால் யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுவார். ஒரு தர்க்கவியலாளருக்குக் குழந்தை பிறக்கிறது. நண்பர் போன் செய்து ஆணா பெண்ணா என்று கேட்கிறார். இவர் "ஆமாம்" என்கிறார். அவ்வளவுதான். ஆங்கிலத்தில் கேட்டால் சிரிப்பு வரும். ஏனென்றால் அந்த ஆங்கிலக் கேள்வியை 'பிறந்தது ஆண் அல்லது பெண் என்பது உண்மைதானா?' என்றும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்துக்கொண்டால் "ஆமாம்" என்பது முழுக்க உண்மையான, ஒரு காசுக்கும் உதவாத பதில்.

இதை அப்படியே தமிழில் சொல்லிப் பாருங்கள்.

"பையனா பொண்ணா?"

"ஆமா."

சிரிப்பு வரவில்லை. இந்த ஆளுக்குக் காது சரியில்லையோ என்றுதான் தோன்றுகிறது. ஜோக்கைப் பிழைக்க வைக்க வேண்டுமானால் நண்பர் "பையனோ பொண்ணோ பொறந்திருக்கா?" என்று கேட்டிருக்க வேண்டும். அப்படி உலகத்தில் எந்த நண்பரும் கேட்க மாட்டார். ஒரு ஜோக் மொழிபெயர்ப்பில் செத்துப்போவது புதிதில்லை. ஆனால் பண்பாட்டுக் காரணம் எதுவும் இல்லாமல், வெறும் இலக்கணத்தால் செத்துப்போகும் ஜோக் அபூர்வம்.

விஷயம் இதுதான். ஆங்கிலத்தில் 'காப்பி அல்லது டீ வேண்டுமா' என்ற ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, குடிக்க ஏதாவது வேண்டுமா, வேண்டாமா என்பது. இன்னொன்று, ஏதோ ஒன்று குடிக்கப்போகிறீர்கள், அது எது என்பது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதைக் குரலில் பிரித்துவிடுகிறார்கள். 'காப்பி'யில் குரல் ஏறி 'டீ'யில் இறங்கினால், எது என்ற கேள்வி. கடைசிவரை ஏறிக்கொண்டே போனால், வேண்டுமா என்ற கேள்வி. தாளில் எழுதியவுடன் குரல் காணாமல் போய்விடும். ஒரே எழுத்துகள், ஒரே கேள்விக்குறி.

தமிழில் இந்த வேலையை விகுதி செய்கிறது. "காப்பியா டீயா வேணும்?" என்றால் ஆகாரம் இரண்டு பெயரிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது, ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "காப்பியோ டீயோ வேணுமா?" என்றால் ஆகாரம் வினைக்குப் போய்விட்டது, பெயர்களில் ஓகாரம், "வேணாம்" என்று சொல்லித் தப்பிக்கலாம். சீனத்தில் கேள்விக்கு ஹாய்ஷி என்று ஒரு 'அல்லது', சாதாரண வாக்கியத்துக்கு ஹுவோஷே என்று இன்னொரு 'அல்லது'. ஃபின்னிஷ் மொழியில் வய் என்றும் தய் என்றும் இரண்டு. நன்னூலார் வினாவை ஆறு வகையாகப் பிரித்தபோது ஐய வினா என்று இதற்குத் தனி நாற்காலியே போட்டுவிட்டார். இருட்டில் கிடப்பது பாம்பா கயிறா என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். அங்கே "ஆமாம்" என்று பதில் சொன்னால் கடிபட வேண்டியதுதான்.

ஆங்கிலம் பேசும் ஒரு மனிதர் இந்த வசதி எதுவும் கையில் இல்லாமல், இதையும் இதுபோன்ற நூறு குழப்பங்களையும் அடியோடு ஒழிக்க ஒரு மொழியையே கட்டப் புறப்பட்டார். பெயர் ஜேம்ஸ் குக் பிரவுன். அமெரிக்கர், பிறந்தது பிலிப்பைன்ஸில், 1921-ல். 1950களில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவரை நிறையப் பேருக்கு வேறு காரணத்துக்காகத் தெரியும். 'கெரியர்ஸ்' என்ற பலகை விளையாட்டைக் கண்டுபிடித்தவர் அவர். பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி 1955-ல் வெளியிட்டது. அதில் ஆட்டம் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் ஒரு சீட்டில் ரகசியமாக எழுத வேண்டும்: பணம், புகழ், மகிழ்ச்சி மூன்றும் சேர்ந்து 60 புள்ளி, அதில் எனக்கு எது எவ்வளவு. 60-ஐயும் பணத்திலேயே போடலாம், இருபது இருபதாகவும் பிரிக்கலாம். 'பணமா புகழா சந்தோஷமா' என்று கேட்டால் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாமல் விகிதம் கேட்கிற மனசு அது. பிரவுனின் மொழியைப் புரிந்துகொள்ள இந்த விளையாட்டைவிட நல்ல முன்னுரை கிடையாது என்பது என் எண்ணம். அதிலிருந்து வந்த ராயல்டிதான் பின்னாளில் மொழி வேலைக்கும் சோறு போட்டது.

அதே 1955-ன் கடைசியில் மொழி வேலையும் தொடங்கியது. அப்போது கல்வி வட்டாரங்களில் சபீர், வோர்ஃப் இருவரின் கருத்து சூடாக ஓடிக்கொண்டிருந்தது: பேசும் மொழி நம் சிந்தனைக்கு அச்சு வார்க்கிறதா? பிரவுனின் யோசனை, ஒரு சமூகவியலாளருக்கே வரக்கூடியது. ஏற்கெனவே இருக்கும் மொழிகளை ஒப்பிட்டால் பண்பாடும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். எந்தப் பண்பாடும் ஒட்டாத ஒரு மொழியைச் செய்து, அதில் தர்க்கத்தை மட்டும் அளவுக்கு மீறி ஏற்றி, மனிதர்களுக்குக் கற்றுக்கொடுத்தால்? அவர்கள் மேலும் தர்க்கமாக யோசிக்கிறார்களா என்று அளந்துவிடலாம் இல்லையா? அந்த மொழிக்கு லோக்லான் என்று பெயர் வைத்தார். 'லாஜிக்', 'லாங்வேஜ்' இரண்டின் தலையையும் வெட்டி ஒட்டிய பெயர். 1960 ஜூன் மாத 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் கட்டுரை வந்ததும் கடிதங்கள் குவிந்தன.

சொற்களை அவர் செய்த விதமும் அந்தக் காலத்து நம்பிக்கையின் ஒரு துண்டு. ஆங்கிலம், சீனம், இந்தி, ரஷ்யன், ஸ்பானிஷ், ஜப்பானியம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய எட்டு மொழிகளில் ஒரு பொருளுக்கு என்ன சொல் என்று பார்த்து, பேசுகிறவர்களின் எண்ணிக்கைக்குத் தகுந்தபடி ஒலிகளைக் கலந்தார். நீலத்துக்கு 'பிலானு'. ஆங்கில 'புளூ'வும் சீன 'லான்'-உம் அதற்குள்ளே கேட்கும். தமிழ் அந்த எட்டில் இல்லை. இருந்திருந்தால் 'அல்லது' விஷயத்தில் ஒரு குறுக்கு வழி கிடைத்திருக்கும். ஆனால் பிரவுன் மொழிகளிடமிருந்து ஒலியைத்தான் கடன் வாங்கினார். இலக்கணத்தைத் தர்க்கவியலிடமிருந்து வாங்கினார்.

அங்கேதான் சிக்கல். தர்க்கவியலுக்கே 'அல்லது' விஷயத்தில் ஒரு பழைய சண்டை இருந்தது. ஜார்ஜ் பூல் 1854-ல் சிந்தனையின் விதிகளைப் பற்றிய தன் புத்தகத்தை வெளியிட்டபோது, கூட்டல் குறியை ஒன்றோடொன்று மோதாத கூட்டங்களுக்கு மட்டும்தான் அனுமதித்தார். இரண்டிலும் இருக்கிற ஆளை என்ன செய்வது என்ற தொல்லையே அவருக்கு வேண்டாம். வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற இளைஞர் அதெல்லாம் தேவையில்லை, 'அல்லது' என்றால் இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம் என்று அவருக்குக் கடிதம் எழுதி மல்லுக்கு நின்றார். பூல் ஒப்புக்கொள்ளவில்லை. 1864-ன் கடைசியில் மழையில் நனைந்துகொண்டே வகுப்புக்கு நடந்துபோய், காய்ச்சல் வந்து இறந்துபோனார். ஜெவன்ஸின் 'அல்லது' ஜெயித்தது. இன்று நாங்கள் எழுதும் நிரல்களில் இரண்டு செங்குத்துக் கோடு போட்டால் ஜெவன்ஸின் 'அல்லது'. பூலுக்குப் பிடித்ததற்கு எக்ஸார் என்று தனிப் பெயர்.

பொறியியல் படித்தவர்கள் 'அல்லது' குழப்பம் என்றதுமே இந்த இரண்டைத்தான் நினைப்பார்கள். 'காப்பி அல்லது டீ' என்ற கேள்வியையும் எக்ஸார் போட்டுத் தீர்த்துவிடலாம் என்று தோன்றும். தீராது. 'காப்பி, டீ இரண்டில் சரியாக ஒன்று மட்டும் வேண்டும் என்பது உண்மையா?' என்று எவ்வளவு கறாராகக் கேட்டாலும் அதற்குப் பதில் "ஆமாம்"தான். எது என்று இன்னும் தெரியாது. பூலும் ஜெவன்ஸும் சண்டை போட்டது வாக்கியத்தின் அர்த்தத்தைப் பற்றி. நம் குழப்பம் கேள்வியில் இருக்கிறது.

இதைத் தெளிவாகப் பிடித்தவர் சார்லஸ் ஹாம்ப்லின் என்ற ஆஸ்திரேலியர். தத்துவப் பேராசிரியர். 1950களில் சிட்னியில் கணினியோடும் மல்லாடியவர். எண்களை முதலிலும் குறியைப் பின்னாலும் எழுதும் முறையையும், அதற்கு ஸ்டாக் பயன்படுத்துவதையும் கணினிக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர். 1958-ல் கேள்விகளைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். அதன் மையக் கருத்து: எவையெல்லாம் பதிலாக எண்ணப்படும் என்று தெரிந்தால் போதும், கேள்வி தெரிந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு இது முதலில் படித்தபோதே டேட்டாபேஸ் வேலை மாதிரிதான் தெரிந்தது. ஒரு கட்டத்தை வடிவமைக்கிறவன், அதில் என்னென்ன மதிப்பு உட்காரலாம் என்று முடிவு செய்தவுடன் கேள்வியையும் முடிவு செய்துவிடுகிறான். கேள்விக்குறிக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்பது அப்புறம்.

லோக்லானின் கதையை முடித்துவிடுகிறேன். அது கொஞ்சம் சோகம். பிரவுன் 1975-ல் புத்தகங்களை வெளியிட்டார், பிறகும் திருத்திக்கொண்டே இருந்தார். கூட வேலை செய்தவர்களுக்கு மொழியைப் பேச ஆசை. அவருக்கு அது இன்னும் முடியவில்லை. சொல் பட்டியல் யாருக்குச் சொந்தம் என்ற தகராறு வந்தது. பாப் லெஷெவலியர், அவர் மனைவி நோரா ஆகியோரைச் சுற்றி 1987-ல் ஒரு குழு பிரிந்துபோய், சொற்கள் மொத்தத்தையும் புதிதாகச் செய்தது. இந்த முறை சீனம், ஆங்கிலம், இந்தி, ஸ்பானிஷ், ரஷ்யன், அரபு என்று ஆறு மொழி. பெயர் லோஜ்பான். பிரவுனின் நிறுவனம் லோக்லான் என்ற பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்திருந்தது. வழக்கு மேல்முறையீடு வரை போய், 1992-ல் அது ஒரு மொழியின் பொதுப்பெயர், யாருக்கும் முத்திரையாகாது என்று தீர்ப்பு வந்தது. பிரிந்து போனவர்கள் தங்கள் மொழியை லோக்லானின் ஒரு வடிவம் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். 'லோக்லானா லோஜ்பானா?' என்று கேட்டால் அவர்கள் பதில், இரண்டும். பிரவுனின் பதில், முதலாவது மட்டும். 2000-ல் அவர் இறக்கும்வரை இரண்டு முகாமும் இரண்டாகவே இருந்தன. முதலில் சொன்ன அந்தப் பெரிய சோதனை, மொழி மனிதரை மாற்றுகிறதா என்பது, நினைத்தபடி நடக்கவே இல்லை.

1997-ல் ஜான் கவன் எழுதிய முழு இலக்கணப் புத்தகம் வந்தது. இந்த மொழியின் இலக்கணத்தை யாக் என்ற நிரலுக்குக் கொடுத்தால் அது எந்த வாக்கியத்தையும் ஒரே ஒரு விதமாகத்தான் பிரிக்கும். சி மொழிக்குக் கம்பைலர் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் அதே யாக்தான். அந்தப் புத்தகத்தில் இணைப்புச் சொற்களுக்கான அத்தியாயம் 14-வது. கேள்வி அங்கேதான் தீர்கிறது.

லோஜ்பானில் ஆமா இல்லையா என்று கேட்க 'ஹூ' என்று ஒரு சொல். வாக்கியத்தின் தலையில் அதை வைத்தால் மொத்த வாக்கியமும் உண்மையா என்று கேட்டதாக ஆகும். பதிலுக்கு 'ஆமாம்' என்று தனிச் சொல் கிடையாது. 'கோஹி' என்று சொன்னால் முன்வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னதாக அர்த்தம். நாம் "வேணுமா?" என்றதற்கு "வேணும்" என்பது மாதிரி. எது என்ற கேள்விக்கோ 'ஹூ' வராது. அங்கே இணைப்புச் சொல் இருக்க வேண்டிய இடத்தில் 'ஜி' என்று ஒரு காலி இடத்தை வைக்கிறார்கள். நம்ம ஊர் மரியாதை 'ஜி' இல்லை, 'விஷன்' என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது நடுவில் வரும் ஓசை.

தோ ஜீஷா துஹா லொய் ஷ்காஃபி ஜி லொய் ச்சாட்டி.

நீ விரும்புகிறாய், காப்பி, டீ. இந்த இரண்டுக்கும் நடுவே எந்த இணைப்பைப் போட்டால் வாக்கியம் உண்மையாகும், நீயே சொல்லு. இதுதான் கேள்வி. நடுவே வரும் 'துஹா'வும் ஒரு வேடிக்கை. லோஜ்பானில் ஒரு பொருளை விரும்ப முடியாது, ஒரு நிகழ்வைத்தான் விரும்பலாம். அதனால் 'காப்பி சம்பந்தமாக ஏதோ ஒன்று' என்று துஹா போட்டுச் சமாளிக்க வேண்டும். குடிப்பதா, கழுத்தில் ஊற்றிக்கொள்வதா என்று மொழி கேட்பதில்லை. சந்தேகங்களை ஒழிக்க வந்த மொழி இந்த ஒன்றை மட்டும் மனிதர்களின் பொது அறிவுக்கு விட்டுவிட்டது.

பதில்கள் ஒற்றைச் சொல்லில் வரும். 'எ' என்றால் இரண்டும். 'எனய்' என்றால் முதலாவது மட்டும். 'ந எ' என்றால் இரண்டாவது மட்டும். 'ந எனய்', இரண்டுமே வேண்டாம். காரியத்துக்கு இந்த நாலு போதும். ஆனால் இடம் காலியாக இருப்பதால் வேறு எந்த இணைப்பையும் அங்கே போடலாம். 'ஆ' என்றால் குறைந்தது ஒன்று, இரண்டானாலும் சரி, ஜெவன்ஸின் அல்லது. 'ஒனய்' என்றால் சரியாக ஒன்று, எதுன்னாலும் பரவாயில்லை; பூலின் அல்லது. 'ஊ' என்றால் காப்பி கண்டிப்பாக வேண்டும், டீ வந்தாலும் வராவிட்டாலும் கவலையில்லை. எனக்குப் பிடித்தது 'ஓ'. கொடுத்தா ரெண்டையும் கொடு, இல்லாட்டி ஒண்ணும் வேணாம். கல்யாணப் பந்தியில் கோபித்துக்கொள்ளும் மாமாக்கள் எல்லாரும் 'ஓ' கட்சி.

இரண்டு விஷயங்களை உண்மை, பொய் என்று இணைக்க மொத்தம் 16 வழி உண்டு. அதில் 14-க்கு லோஜ்பானில் இணைப்புச் சொல் இருக்கிறது. விட்டுப்போன இரண்டில் ஒன்று, எப்படி இருந்தாலும் பொய் என்பது. மற்றது, எப்படி இருந்தாலும் உண்மை என்பது. இந்த இரண்டாவதைத் தமிழ்நாட்டில் எந்த வீட்டிலும் கேட்கலாம். காப்பியா டீயா என்றால் விருந்தாளி என்ன சொல்கிறார்? "எதுன்னாலும் சரிங்க, இல்லைன்னாலும் பரவால்லை." 14 பதில் வைத்திருக்கும் மொழியில் நம் மரியாதைக்கு ஒற்றைச் சொல் இல்லை. தகவல் பூச்சியம் என்பதால் தர்க்கவியலாளர்கள் அதைத் தூக்கிவிட்டார்கள்.

இதெல்லாம் மூளைக்கு ஒரு விளையாட்டு என்று நானும் விட்டிருப்பேன். அப்பாவின் மருத்துவக் காப்பீடு வந்து அதைக் கெடுத்தது. ஒரு கம்பெனியின் விண்ணப்பத்தில் கேள்வி: சர்க்கரை நோய் அல்லது ரத்த அழுத்தம் உள்ளதா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் மட்டும். உண்மையைச் சொல்லுகிற மனிதர், 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டார். வேறு வழியில்லை, 'இல்லை' என்றால் பொய். பாலிசி வந்தபோது அதில் இரண்டு நோயும் இருந்தது. அங்கிருந்து பேசிய பெண் பொறுமையானவர். "சார், நீங்கதானே ஆமான்னு போட்டிருக்கீங்க" என்றார். அவர் சொன்னதும் உண்மை. திருத்த ஒரு டாக்டர் சான்றிதழும் மூன்று கடிதமும் ஆயின. தமிழ்ப் படிவம்தான் அது. பேசும்போது ஆகாரமும் ஓகாரமும் போட்டுத் தெளிவாகக் கேட்கிற நாம், படிவம் என்று வந்தால் ஆங்கில வாக்கியத்தின் மேல் 'அல்லது' என்ற துணியைப் போர்த்திவிடுகிறோம். அந்தக் கேள்வியை எழுதினவர் வீட்டில் "உங்களுக்கு சுகரா பிரஷரா?" என்றுதான் கேட்பார்.

அப்பாவுக்கு நஷ்டம் மூன்று கடிதத்தோடு போயிற்று. இதே கணக்கின் மறுபக்கத்தில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. 'அல்லது' கேள்விக்கு 'ஆம்' சொன்னால் எது என்று தெரியாது. 'மற்றும்' கேள்விக்கு 'இல்லை' சொன்னாலும் எது என்று தெரியாது.

1942 பிப்ரவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் போட்ட 9066-ஆம் ஆணையின் பேரில் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள். அடுத்த ஆண்டு, 17 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் ஒரு கேள்விப் படிவம் வந்தது. அதில் 28-வது கேள்வியின் சாரம் இது: அமெரிக்காவுக்கு நிபந்தனையற்ற விசுவாசம் காட்டி, அதைப் பாதுகாத்து, ஜப்பானியப் பேரரசருக்கு உள்ள விசுவாசத்தைக் கைவிடுவதாக உறுதி அளிக்கிறீர்களா? ஆம் அல்லது இல்லை.

இரண்டு வாக்கியத்தை ஒரு கேள்விக்குறியில் கட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் பிறந்த பையன் 'ஆம்' என்றால், கைவிடுகிறேன் என்றாகும். அப்படியானால் இத்தனை நாள் பேரரசருக்கு விசுவாசமாக இருந்ததாக ஒப்புக்கொண்ட மாதிரி. ஜப்பானில் பிறந்த அவன் அப்பாவுக்கு அமெரிக்கக் குடியுரிமை வாங்கவே அன்று சட்டத்தில் இடமில்லை. அது 1952-ல்தான் மாறியது. அவர் 'ஆம்' என்றால் இருக்கும் ஒரே நாட்டையும் விட்டு நாடற்றவர் ஆவார். 'இல்லை' என்றாலோ, தர்க்கப்படி அதற்கு அர்த்தம் 'இந்த இரண்டில் குறைந்தது ஒன்று இல்லை' என்பது மட்டும்தான். நாலு நிலையில் மூன்றுக்கு அது பொருந்தும். அதிகாரிகள் ஒரே ஒரு நிலையாகப் படித்தார்கள்: விசுவாசமற்றவர். முதல் தலைமுறையினருக்குப் பிறகு கேள்வியை மாற்றிக் கொடுத்தார்கள் என்பதே அது எப்படிப்பட்ட கேள்வி என்பதற்குச் சாட்சி. 'என் உரிமைகளைத் திருப்பித் தந்தால் ஆம்' என்று எழுதியவர்களும் உண்டு. அந்த 'தந்தால்'-க்குக் கட்டம் கிடையாது. 'இல்லை' சொன்னவர்கள் குடும்பங்களிலிருந்தும் நண்பர்களிடமிருந்தும் பிரிக்கப்பட்டு, கலிஃபோர்னியாவின் வடக்கே துலே லேக் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள்.

லோஜ்பானில் இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவே இணைப்பைக் கேட்க ஜி-யின் உறவுக்காரச் சொல் ஒன்று இருக்கிறது, 'ஜெஹி'. அதைப் போட்டுக் கேட்டிருந்தால் 'முதலாவது மட்டும்' என்று எழுத வழி இருந்திருக்கும். அதைவிடப் பொருத்தமான சொல் 'நாஹி'. 'இல்லை' என்பதற்கு வேறு சொல் இருக்கிறது. 'நாஹி' என்றால் நீ கேட்ட கேள்வியே தப்பு, அதற்குள் நீ பொதிந்துவைத்திருப்பது நிஜமில்லை என்று அர்த்தம். என்றைக்கும் இல்லாத விசுவாசத்தை எப்படிக் கைவிடுவது என்ற அந்தப் பையனின் கேள்வி முழுசும் இந்த இரண்டு அசைக்குள் அடங்கும். ஆனால் முகாமில் படிவத்தை எழுதினவர்களுக்குத் தெளிவான மொழி இல்லாதது குறையாக இருந்ததாக நான் நம்பவில்லை. தெளிவு வேண்டுமென்றால் ஆங்கிலத்திலேயே இரண்டு கேள்வியாக எழுதியிருக்கலாம். பிரவுனிடம் எனக்கு இருக்கும் மனத்தாங்கல் இதுதான். குழப்பமான கேள்வி மொழியின் விபத்து என்று அவர் நினைத்தார். பல நேரம் அது கேட்கிறவருக்கு வசதி. பதில் சொல்லுகிறவருக்கு 14 வழி திறந்துவிட வேண்டுமானால், கேட்கிறவர் அந்த 14-லும் எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும்.

நன்னூலார் இந்த விஷயத்தில் ஆளைத் தெரிந்தவர். கேள்வியை ஆறாக வகுத்தவர் பதிலை எட்டாக வகுத்தார். ஆமாம், இல்லை என்பவை அதில் இரண்டே இடம். பதிலுக்குக் கேள்வி கேட்பதும் பதில். தனக்கு நேர்ந்ததைச் சொல்வதும் பதில், இனி நேரப்போவதைச் சொல்வதும் பதில். காப்பியா டீயா என்றதற்கு "தலை வலிக்குது" என்றால் அது உற்றது உரைத்தல். "வயித்தைக் கலக்கும்" என்றால் உறுவது கூறல். "மோர் இருக்கா?" என்றால் வினா எதிர் வினாதல். ஜி-யின் காலி இடத்தில் இவை எதையும் வைக்க முடியாது. வைத்தால் இலக்கணப்படி பதிலாகாது. ஆனால் எந்த அம்மாவும் இவை ஒவ்வொன்றுக்கும் சரியான டம்ளரைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்.

ஜி தன் சொந்தத் தர்க்கத்திலேயே திணறும் இடம் ஒன்றும் இருக்கிறது, பாலையும் சேர்த்தால். காப்பி ஜி டீ ஜி பால் என்று கேட்டால் லோஜ்பான் இடப்பக்கத்திலிருந்து இரண்டிரண்டாகச் சேர்க்கும்: முதலில் காப்பியும் டீயும், பிறகு அந்த முடிவோடு பால். ஆகவே பதிலுக்கு இரண்டு இணைப்புச் சொல் வேண்டும். நடுவில் உள்ள டீ மட்டும் போதும் என்பவர் 'ந எ', அப்புறம் 'எனய்' என்று சொல்ல வேண்டும். மனசுக்குள் அட்டவணை போட்டுக்கொள்ளாமல் இதைச் சொல்ல முடியாது. 'மூணுல ஏதாவது ஒண்ணு' என்பவர் பாடு இன்னும் மோசம். 'ஒனய்', 'ஒனய்' என்று இரண்டு முறை எக்ஸார் போட்டால் ஒன்று வரும், மூன்றும் சேர்ந்தும் வரும். எக்ஸார் சங்கிலி எண்ணிக்கை ஒற்றைப்படையா என்றுதான் பார்க்கும். ஹார்டுவேர் பாடத்தில் பாரிட்டி பிட் படித்தவர்களுக்கு இது பழைய நண்பன். வேறு எந்த இரண்டு இணைப்பைப் போட்டாலும் 'மூன்றில் சரியாக ஒன்று' வராது, உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம். முதல் இரண்டின் முடிவை ஒரே பிட்டாகச் சுருக்கியவுடன், அங்கே எத்தனை இருந்தன என்ற தகவல் போய்விடுகிறது.

தமிழில் "காப்பியா டீயா பாலா?" என்று இன்னொரு ஆகாரம் போட்டால் முடிந்தது. நாலாவதாக ஹார்லிக்ஸும் சேர்க்கலாம். லோஜ்பான்காரர் அங்கே ஜி-யை விட்டுவிட்டு 'மா' என்ற வேறு வினாச் சொல்லுக்குப் போகலாம். அதற்கு அர்த்தம் 'எது', 'யார்'. இதோ மூன்று இருக்கிறது, இதில் எது வேண்டும் என்று கேட்டுவிடலாம்.